எவிடன்ஸ் தீதியும் என் பச்சை டிக்குகளும்

கொல்கத்தாவில் எத்தனையோ லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களில், இன்றைக்குச் சூரியன் உதித்தது என்பதைக்கூட மூலையில் மணி தெரிகிற மாதிரி ஒரு படம் காட்டினால்தான் நம்புவேன் என்று உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். எங்கள் ஆபீஸில் அவரை எவிடன்ஸ் தீதி என்பார்கள். தீதி என்றால் பெங்காலியில் அக்கா. எவிடன்ஸ் என்பது அவருடைய உத்தியோகம், பொழுதுபோக்கு, வியாதி எல்லாம். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலுக்கு வெளியே யாரும் அதை உபயோகித்து நான் கேட்டதில்லை.

தீதி தமிழர்தான். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து, தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பிப் போகாமல் கொல்கத்தாவின் பெஹாலா பகுதியிலேயே தங்கிவிட்டவர். அதனால் தீதிக்குக் கோபம் பெங்காலியில் வரும், வேலை இங்கிலீஷில் வரும், பசி வந்தால் மட்டும் தமிழ் வரும். நான் மதுரையிலிருந்து வந்து டாக்குரியாவில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தவன். சால்ட் லேக்கில் எங்கள் ஆபீஸ் இருந்த அந்த மாடியில் தமிழ் பேச நாங்கள் இரண்டே பேர். ஆகவே நான் மட்டும் அவரை அக்கா என்று கூப்பிட்டேன்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்களை இங்கிருந்தபடியே பார்த்துக்கொள்கிற கம்பெனி அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆடிட்டர் வருவார். வேலையை விட்டுப் போனவர்களின் லாகினை அன்றைக்கே மூடினீர்களா, பாஸ்வேர்டை அறுபது நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறீர்களா என்றெல்லாம் ஒரு நீளமான பட்டியல் வைத்திருப்பார். செய்தோம் என்று வாயால் சொன்னால் போதாது, காட்ட வேண்டும். அந்தக் காட்டுகிற வேலைதான் தீதியுடையது. சர்வர் சர்வராகத் திறந்து, திரையின் கீழ் மூலையில் தேதியும் மணியும் விழுகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டி அடுக்கி வைப்பார். பெற்ற பிள்ளைக்குக்கூட ஜனங்கள் அவ்வளவு யோசித்துப் பெயர் வைப்பதில்லை.

பத்து வருஷம் இதையே செய்தால் மனுஷருக்கு என்ன ஆகும் என்பதற்குத் தீதியே ஆதாரம். காலையில் வீட்டைப் பூட்டினால், பூட்டின் பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பிடித்து ஒரு படம். காஸ் அடுப்பை அணைத்தால் ஒரு படம். குடையை ஆட்டோவில் மறக்கவில்லை என்பதற்கு, இறங்கியதும் குடையோடு ஒரு படம். பூஜை சமயத்தில் மொத்த ஊரும் பந்தலில் துர்க்கையைப் படம் எடுக்கும். தீதி மட்டும் முதலில் பந்தலின் தீயணைப்புக் கருவியைத் தேடிப் போய், அதில் ஒட்டியிருக்கும் காலாவதித் தேதியைப் படம் எடுத்துக்கொண்டு, பிறகுதான் அம்மனிடம் வருவார்.

சேர்ந்த முதல் நாள், சாப்பிட்டாச்சா என்று என்னிடம் கேட்டார். ஆச்சு என்றேன். டிபன் பாக்ஸைத் திறக்கச் சொன்னார். ஏதோ விளையாட்டு என்று நினைத்துத் திறந்தேன். தயிர்சாதம் அப்படியே இருந்தது. தீதி நோட்டில் என் பெயருக்கு நேரே ஏதோ எழுதிக்கொண்டார். அதற்கப்புறம் நான் சொன்ன எதையும் நம்ப அவருக்கு மூன்று மாதம் ஆயிற்று.

அவரைப் பெண் பார்க்க வந்த கதையை அந்த மாடியே மனப்பாடமாக வைத்திருந்தது. மாப்பிள்ளை ஹௌராவில் வேலை பார்ப்பவர். பெஹாலா வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, தனக்குக் குடிப்பழக்கம் கிடையாது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். தீதி நிமிர்ந்து, "அது உங்க பாலிசியா, பிராக்டிஸா?" என்று கேட்டார். ஆடிட்டில் இரண்டும் வேறு வேறு. எழுதி வைத்திருப்பது பாலிசி, நிஜமாக நடப்பது பிராக்டிஸ். மாப்பிள்ளை விழித்தார். தீதி பொறுமையாக விளக்கினார். கடந்த மூன்று மாதத்தில் ஏதாவது இருபத்தைந்து நாளைத் தானே தேர்ந்தெடுத்துத் தருவதாகவும், அந்தந்த நாள் சாயங்காலம் எங்கே இருந்தார் என்று காட்டினால் போதும் என்றும் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் இரண்டாவது தட்டு பஜ்ஜிக்குக் காத்திருக்கவில்லை.

இப்பேர்ப்பட்டவரின் வேலையைத் தானாகச் செய்கிற புரோகிராம் எழுதத்தான் என்னை எடுத்திருந்தார்கள். தினமும் காலையில் அது ஒவ்வொரு சர்வருக்குள்ளும் தானே போய்ப் பார்த்து, விட்டுப்போனவர்களின் லாகின் எதுவும் திறந்திருக்கவில்லை என்றால் பச்சை டிக் போட்டு, தேதி மணியோடு கோப்பில் சேர்த்துவிடும். எனக்கு ஆறு மாதம் புரோபேஷன். என் புரோகிராமை நம்பி நடக்கிற முதல் ஆடிட் சுத்தமாக முடிந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் ஊருக்கு டிக்கெட் எடுத்துக்கொள் என்று மேனேஜர் நயமாகச் சொல்லியிருந்தார்.

இதில் வினை என்னவென்றால், வேலை நிரந்தரமாகிவிட்டது என்று நான் வீட்டில் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பா பத்திரிகை அடித்துவிட்டார். பெண்ணின் சகோதரன் என்ற இடத்தில் என் பெயர், பெயருக்குக் கீழே எங்கள் கம்பெனியின் பெயர், அதற்கும் கீழே கொல்கத்தா. கல்யாணம் ஆடிட் முடிந்து இரண்டாவது வாரம். வேலை போனால், அந்தப் பத்திரிகை போன ஒவ்வொரு வீட்டுக்கும் அப்பாதான் பதில் சொல்ல வேண்டும்.

புரோகிராம் தயாரானதும் தீதி சண்டை போடுவார் என்று மாடியே எதிர்பார்த்தது. அவர் சந்தோஷப்பட்டார். இயந்திரத்துக்கு ஞாபக மறதி கிடையாது, கூச்சம் கிடையாது, சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்று சொல்லாது என்றார். நான் எழுதியதை வரி வரியாகப் படித்து, சரிபார்த்தவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டார். போட்டதையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டார்.

தினமும் காலையில் முப்பது சர்வருக்கும் முப்பது பச்சை டிக் வரிசையாக விழும். நான் அதைப் பார்த்துக்கொண்டே கீழே போய் மண் கோப்பையில் டீ குடித்துவிட்டு, காரப்பொரி விற்கிற ஜால்முடிக்காரரிடம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வருவேன். வாழ்க்கை இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

தீதி மட்டும் ஒரு காலி ரசகுல்லா டின்னை மேஜையில் வைத்துக்கொண்டார். முப்பது சர்வரின் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதி அதில் போட்டு, வாரம் ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். எந்தச் சர்வர் வருகிறதோ அதை மட்டும் பழையபடி கையால் திறந்து பார்ப்பார். என் புரோகிராம் மேல் நம்பிக்கை இல்லையா என்று எனக்கு ரோஷம். நம்பிக்கை எல்லாம் நிறைய இருக்கிறது, ஆனால் எவிடன்ஸ் வேண்டாமா என்றார். குலுக்கல் சீட்டு நடத்துகிறார் என்று நாங்கள் எல்லோரும் கேலி செய்தோம்.

ஆடிட் வெள்ளிக்கிழமை. புதன்கிழமை காலை டின்னில் கைவிட்டவருக்கு லேப் சர்வர் வந்தது. ஆஸ்பத்திரிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் இருக்கிற சர்வர். பத்து நிமிஷத்தில் தீதி என் மேஜைக்கு வந்து நின்றார். கையில் டீ இல்லை. வழக்கமாக டீயோடுதான் வருவார்.

ஒரு மாதத்துக்கு முன்னால் வேலையை விட்டுப் போன ஒருவரின் லாகின் அந்தச் சர்வரில் இன்னும் திறந்தே இருந்தது. என் புரோகிராமோ அதற்கு அன்று காலையிலும் பச்சை டிக் போட்டிருந்தது.

இருவரும் உட்கார்ந்து தோண்டினோம். தோண்டத் தோண்ட என் முகம் வெளுத்தது. என் புரோகிராமுக்கும் சர்வருக்குள் போக ஒரு லாகின் உண்டு. அதற்கும் பாஸ்வேர்ட் உண்டு. அறுபது நாளானால் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்பது எங்கள் விதி. மற்ற சர்வர்களில் மாற்றியிருந்தேன், லேப் சர்வரில் மட்டும் மறந்துவிட்டேன். லேப் சர்வர் அந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்து, அறுபதாம் நாள் என் புரோகிராமை வாசலிலேயே நிறுத்திவிட்டது. உள்ளே போக முடியாத புரோகிராம் வெறுங்கையோடு திரும்பியது. கையில் பட்டியல் காலி. காலிப் பட்டியலில் தப்பான பெயர் எதுவும் இல்லை. தப்பு இல்லையென்றால் பச்சை. விதி மீறப்படுகிறதா என்று பார்க்கப் போனவனை விதியே வெளியே நிறுத்தியிருக்கிறது. அவனும் ஏழு வாரமாக, எல்லாம் நலம் என்று வாசலில் நின்றபடியே எழுதி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான். அப்படி எழுதச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

எனக்குக் கண் முன்னால் கல்யாணப் பத்திரிகைதான் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உடனே ஒரு வழியும் தோன்றியது. லாகினை இப்போதே மூடிவிடலாம். பாஸ்வேர்டைப் புதுப்பித்து, புரோகிராமை ஓடவிட்டு, ஏழு வாரத்துக்கும் பழைய தேதி போட்டுக் கோப்பை நிரப்பிவிடலாம். அரை மணி நேர வேலை, ஆடிட்டருக்குத் தெரிய வழியே இல்லை. தங்கை கல்யாணத்தையும் அப்பாவையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன்.

தீதி பெங்காலியில் கோபப்படுவார் என்று நினைத்தேன். சுத்தமான தமிழில் மெதுவாகச் சொன்னார். "தம்பி, அன்னிக்கு டப்பாவைத் திறந்து காமிச்சேயில்ல, தயிர்சாதம்? அன்னிலேர்ந்து மூணு மாசம் நீ சொன்ன எதையும் நான் நம்பலை. இப்போ நம்பறேன். அதைக் கெடுத்துக்காதே."

எனக்கு அழுகைதான் வந்தது. அதைப் படம் எடுக்காமல் விட்டார், அதுவே பெரிய சலுகை.

வியாழக்கிழமை முழுவதும் வேலை செய்தோம். லாகினை அன்றைய தேதியிலேயே மூடினோம். அந்த ஆள் விட்டுப்போன பிறகு ஒருமுறைகூட உள்ளே வரவில்லை என்பதைச் சர்வரின் குறிப்பேட்டிலிருந்து எடுத்தோம். உள்ளே போக முடியாவிட்டால் பச்சை கிடையாது, சிவப்புதான் என்று புரோகிராமைத் திருத்தினேன். கடைசியாக, நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதினார் தீதி. தவறியவர் யார் என்ற இடத்தில் என் பெயரை எதிர்பார்த்தேன். இதைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தது நான் என்று தன் பெயரை எழுதி, அன்றைக்கு எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாக இணைத்தார். தனக்கு எதிராகத் தானே ஆதாரம் சேர்த்து வைத்த பிறவியை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஆடிட்டர் மும்பையிலிருந்து வந்தவர், ஒல்லியானவர், சிரிப்பதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும் போன்ற முகம். இரண்டு பக்கத்தையும் மூன்று முறை படித்தார். நான் மேஜைக்கு அடியில் விரலை நெரித்துக்கொண்டிருந்தேன். இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். தீதி எழுந்து போய் ரசகுல்லா டின்னைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். ஆடிட்டர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார். டின்னை ஒரு படம் எடுத்து ஆதாரக் கோப்பில் சேர்க்கும்படி சொன்னார். அறிக்கையில், குறையைத் தாங்களே கண்டுபிடித்துத் தாங்களே திருத்தியிருக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரியில் என் அப்பாவின் மானம் தப்பியது.

நிரந்தர வேலைக்கான கடிதம் வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். தீதி கடிதத்தை வாங்கிப் படித்து, பக்கத்தில் கடிகாரத்தைப் பிடித்துப் படம் எடுத்த பிறகுதான் கை குலுக்கினார். நான் கொடுத்த கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, "அச்சடிச்சப்போ பொய், இப்போதான் நிஜமாச்சு" என்று சொல்லி டிராயருக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் தீதிக்கும் வரன் அமைந்தது. விசாகப்பட்டினத்துக்காரர், நன்றாகச் சமைப்பேன் என்று சொன்னவர். பாலிசியா பிராக்டிஸா என்ற வழக்கமான கேள்விக்குச் சிரிக்காமல், நாற்பது நாள் சமையலைச் சுவர்க் கடிகாரத்தோடு படம் எடுத்து அனுப்பிவிட்டார். இரண்டு நாள் ஒரே சாம்பார் இருப்பதைத் தீதி கண்டுபிடித்துக் கேட்டார். அது முந்தின நாள் மிச்சம்தான் என்று மனுஷர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதால் பாஸ்.

கல்யாணமாகி விசாகப்பட்டினம் போவதால் வேலையை விட்டார். கடைசி நாள் லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கிக்கொண்டு, டின்னை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பெஹாலா பஸ் கிளம்புகிற வரை நின்று பார்த்தேன். மாடிக்குத் திரும்பி வந்தால் அவர் நாற்காலியில் யாரோ கைப்பையை வைத்திருந்தார்கள். எனக்கு அநியாயத்துக்குக் கோபம் வந்தது.

மறுநாள் காலை என் புரோகிராம் வழக்கம்போல ஓடியது. விட்டுப்போனவர்கள் பட்டியலில் முதல் தடவையாக அவருடைய சொந்தப் பெயர். அதற்கு நேரே, லாகின் மூடப்பட்டது என்று ஒரு பச்சை டிக். சரியாகத்தான் இருக்கும் என்று தெரியும். ஆனாலும் அன்றைக்கு நான் டின்னில் சீட்டு எடுக்காமலே சர்வரைக் கையால் திறந்து, அவர் பெயரைத் தட்டினேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்று திரை சொன்னது. மூலையில் தேதியும் மணியும் விழுகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆதாரம் பக்காவாக இருக்கிறது அக்கா, நம்பத்தான் முடியவில்லை.