இராயப்பர் எழுதியதற்கு நான் சொன்ன பொருள்

அஞ்சுகிராமம் பக்கம்,
1107-ம் ஆண்டு கும்பம்.

மதிப்பும் பிரியமும் மாறாத அத்தான் சவேரியடியான் அவர்கள் சமுகத்துக்கு, மைத்துனன் உபதேசியார் மத்தியாஸ் சேசு மரி சூசை திருநாமத்தில் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் மதலேனம்மாளும் பிள்ளைகளும் சர்வேசுரன் கிருபையால் சுகம். சுகம் என்று எழுதியது உடம்பை மட்டும். அக்காளுக்கு முழங்கால் வீக்கம் வடிந்ததா என்று தெரிவிக்கவும்.

தாங்கள் சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியார் ஆண்டவர் மாளிகையில் எழுத்துவேலை பார்ப்பதால் இதைத் தங்களிடம்தான் சொல்லமுடியும். போன வாரம் தபசுகாலத்துக்குக் கறிகாய் வாங்க வடசேரிச் சந்தைக்குப் போனேன். அங்கே மிஷன் சபைப் பிரசங்கி ஞானசிங் வேதபுஸ்தகத்தை விரித்துவைத்துப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார். சின்ன வயதுப் பழக்கம், பேசாமல் விட்டாரா? என்னைக் கண்டதும், "வேய் மத்தியாசு! வேதத்துக்குப் பொருள் சொல்ல ஒம்ம சாமியாருக்குத்தான் அதிகாரம்ணு எந்த அதிகாரத்தில போட்டிருக்கு? காட்டும் பாப்போம்!" என்று கூட்டத்துக்கு நடுவில் கேட்டார். சும்மா போயிருக்கலாம். ஆனால் என் வாய் போகவில்லை. "வேதவாக்கியத்துக்கு அவனவன் சொந்தமா வியாக்கியானம் பண்ணப்பிடாதுண்ணு இராயப்பர் தம் நிருபத்திலே எழுதியிருக்காரே" என்றேன். "இராயப்பரா? அது யாரு வேய்? எங்க புஸ்தகத்தில அப்பிடி ஒரு ஆளே கெடையாது!" என்றார். சந்தையே சிரித்தது. "நீரு பேதுருண்ணு கூப்பிடுத ஆளுதான் வேய் எங்களுக்கு இராயப்பர்" என்று நான் சொன்னதும், அவர் தன் புஸ்தகத்தைப் புரட்டி வாசித்தார், வாசித்தவர் மறுபடியும் வாசித்தார், பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டம் எனக்காகக் கை தட்டியது. நான் வாங்கிவைத்த கீரைக்கட்டை அதற்குள் ஒரு மாடு தின்றுவிட்டது.

கீரை போனால் போகிறது, எங்கள் கோயில் சாமியார் கட்டிப்பிடித்து ஆசீர் கொடுப்பார் என்று வந்தேன். சங்கதி எனக்கு முன்னே பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டிருந்தது.

"அந்த வாக்கியத்துக்கு அதுதான் பொருள்ணு ஒனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார் சாமியார்.

"யாரும் சொல்லல்ல சாமி. வாசிச்ச ஒடனே எனக்கே வெளங்கிச்சு."

"அப்போ அது ஒன் சொந்த வியாக்கியானம்."

"சொந்த வியாக்கியானம் கூடாதுண்ணுதானே சாமி நான் வியாக்கியானம் பண்ணினேன்!"

"அதைத்தான் பண்ணப்பிடாதுங்கேன்!"

தீர்ப்பு என்னவென்றால், பாஸ்குத் திருநாள் வரும்வரை நான் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லக்கூடாது, வருகிற ஞாயிறு பூசையில் கோயில் வாசலில் முழங்காலில் நின்று பிழை என்று ஒத்துக்கொள்ளவேண்டும். அத்தான், இந்த ஊரில் சாமியார் வந்துசேர முடியாத மழைநாட்களில் சாகிறவர்கள் காதில் சேசுநாமம் சொன்னவன் நான். நேற்று கோயிலைத் தாண்டிப் போகையில் பிள்ளைகள் விசுவாச மந்திரத்தில் ஒரு வரியை விட்டுவிட்டுச் சொல்வது கேட்டது. திருத்த எனக்கு அனுமதியில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் ஞானசிங் என் வீட்டுக்கே வந்தார். மத்தியாஸ் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது என்று தன் சபையில் சொன்னாராம், பிரசங்கத்தை நிறுத்திவைத்துவிட்டார்களாம். "எங்க சபையில யாரு வேணும்னாலும் வேதத்தைப் படிச்சுப் பொருள் சொல்லலாம் வேய். ஆனா கமிட்டி ஒத்துக்கிடணும்" என்றார். இருவரும் கருப்பட்டிக் காப்பி குடித்தோம். "வேலை போன ரெண்டு பேருக்கும் காப்பி போடுத வேலை எனக்கு" என்றாள் மதலேனம்மாள்.

நான் முழங்காலில் நிற்கமாட்டேன், அத்தான். இது வீம்பு அல்ல. மேற்றிராணியார் ஆண்டவர் பாதத்தில் தாங்கள் ஒரே ஒரு கேள்வியை வைக்கவேண்டும்: நான் சொன்ன பொருள் சரியா, பிழையா? பிழை என்று அவர் வாய் சொன்னால் அந்த நிமிஷமே நடுத்தெருவிலும் முழங்காலில் நிற்பேன். சொல்லுமட்டும் யார் வந்து சொன்னாலும் நான் அசைவதாக இல்லை.

தேவமாதா தங்கள் வீட்டின்மேல் முந்தானை விரித்து, அக்காளையும் பிள்ளைகளையும் நோய்நொடி அண்டாமல் காக்க மன்றாடும்,
தங்கள் மைத்துனன்
மத்தியாஸ்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரம் சாமியாரே படியேறி வந்தார். பக்கத்துப் பங்குக் கோயிலில் பெரிய லத்தீன் புஸ்தகங்களைப் பார்த்தாராம், வேதபிதாக்களும் நான் சொன்ன பொருளைத்தான் சொல்லியிருக்கிறார்களாம். "அப்போ நான் சொன்னது பிழையில்லயே சாமி?" என்றேன். "நீ சொன்னப்போ பிழை. இப்போ நான் சொல்லுகேன்லா, இனி சரி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு வந்து அந்தப் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்குடு மத்தியாசு, எனக்கு அதுகளைக் கட்டிமேய்க்க ஒக்கல்ல" என்றார். பிள்ளைகள் விட்டுவிட்ட அந்த ஒரு வரியை நினைத்து, ஞாயிறு முழங்காலில் நிற்க ஒத்துக்கொண்டேன். ஆகையால் மேற்றிராணியார் ஆண்டவரிடம் தயவுசெய்து ஒன்றும் கேட்டுவிடாதீர்கள். அவர் வேறு ஒரு பொருள் சொல்லிவிட்டால் சாமியாரும் என்னோடு வாசலில் நிற்கவேண்டி வரும்.