மாப்பிள்ளை உடம்புக்கு அரை டம்ளர்

படித்ததை வெளியே காட்டாமல் இருப்பது ஒரு தனிப் படிப்பு. அதில் நான் பெயில்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு ரசாயனக் கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்த புதிது. எந்தச் சரக்கு எவ்வளவு விஷம் என்று ஒப்பிட்டு எழுதி ஒட்டுவது என் வேலை. அதற்கு எல்.டி. ஐம்பது என்று ஒரு கணக்கு உண்டு. சோதனை எலிகளில் பாதி சாக, உடல் எடையில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் கொடுக்க வேண்டும் என்பது. எண் குறையக் குறைய விஷம் கடுமை. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா ரசத்துக்கு உப்புப் போட்டால்கூட உப்பின் எண்ணைச் சொல்வேன். ("உனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்பாள். பாவம், அவள் கவலை அவளுக்கு.)

ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாக ஆரம்பாக்கத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா நெல் விவசாயி. கூடத்து மூலையில் களைக்கொல்லி டப்பா ஒன்று இருந்தது. கோமதி காபித் தட்டோடு வந்தாள். பார்த்ததுமே இவள்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அதோடு வாயை மூடிக்கொண்டு காபியைக் குடித்திருக்கலாம்.

"இன்னா வேலை பண்ணிக்கினு கீறீங்க?" என்று கேட்டார் அவள் அப்பா.

விளக்கினேன். நன்றாக விளங்கட்டும் என்று உதாரணமும் கொடுத்தேன். "அந்த டப்பா மருந்தைவிட, இந்தக் காபியில இருக்குற கஃபீன்தான் மாமா கடுமையான விஷம்." (மாமா என்று கூப்பிட யாரும் அனுமதி கொடுத்திருக்கவில்லை. மருந்தை வருஷக்கணக்காகத் தெளித்து மூச்சில் இழுப்பவர் கதி என்ன என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. அதையும் நான் சொல்லவில்லை.)

எல்லார் டம்ளரும் பாதி வழியில் நின்றது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

"இன்னாப்பா, என் பொண்ணு கொண்ணாந்தது வெசமா?"

"ஐயோ, ஒரு டம்ளர்ல ஒண்ணும் ஆவாது மாமா. எத்தினி டம்ளர் குடிச்சா ஆபத்துன்னு ஆளோட வெயிட்டை வெச்சுதான் சொல்ல முடியும்" என்றவன், கணக்கை முடித்துக் காட்டும் ஆர்வத்தில் கோமதி பக்கம் திரும்பினேன். "உங்க வெயிட் எவ்ளோங்க?"

பெண் பார்க்கப் போன இடத்தில் நகை கேட்கிறார்கள், பைக் கேட்கிறார்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை. எடையைக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

"எய்ந்திர்றா, போலாம்" என்றாள் அம்மா.

"அறுவத்திரெண்டு" என்றாள் கோமதி, என்னை நேராகப் பார்த்து. "உங்களுது?"

"நாப்பத்தொம்போது." எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"அப்போ ரெண்டு பேரும் ஒரே அளவு குடிச்சா, எனக்கு மின்னாடி நீங்க பூடுவீங்க."

நல்ல காரியம் பேச வந்த வீட்டில் இப்படி ஒரு வார்த்தை! அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். கோமதியின் அப்பா என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், புரையேறும்வரை சிரித்தார். பிறகு என் டம்ளரை வாங்கிப் பாதிக் காபியைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டார். "மாப்ளை ஒடம்புக்கு இது போதும்."

அவர் மாப்ளை என்று சொன்னதை ரயில் ஏறிய பிறகுதான் கவனித்தேன்.

இன்றுவரை அந்த வீட்டில் எல்லாருக்கும் முழு டம்ளர், எனக்கு அரை டம்ளர். போன பொங்கலுக்குப் பொறுக்கமாட்டாமல், "இப்போ இருக்குற வெயிட்டுக்கு எனக்கு முழுசாவே குடுக்கணும்" என்று வாதாடினேன். கோமதி உள்ளே போய் எடை மிஷினை எடுத்துவந்து, அத்தனை சொந்தக்காரர்களுக்கும் நடுவில் வைத்தாள்.

"ஏறி நில்லுங்க."

அரை டம்ளரே போதும் என்று சொல்லிவிட்டேன்.