சொல்லிக் கொடுத்த கேள்வி

பேசுவதற்கு நான் பயந்தவனில்லை. பேசி முடித்தபின் கேள்வி கேட்பார்களே, அதற்குத்தான் பயம்.

எழுபத்தெட்டாம் வருஷம். ஜமுனாமரத்தூரில் நான் நெஞ்சு நோய் டாக்டர். நிபுணர்கள் புதிதாக நாலு விஷயம் தெரிந்துகொள்ள நடத்தும் கூட்டம் அந்த முறை எங்கள் மலையில். 'புகையும் நுரையீரலும்' என்று நான் ஸ்லைடு போட்டுப் பேச வேண்டும். முன்வரிசையில் கோபால்சாமி சார் இருப்பார். எனக்குப் பாடம் எடுத்த மகான். அவர் ஒரு கேள்வி கேட்டால் போதும், என் எம்.டி. பட்டமே கழன்று விழும்.

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். அதற்கு என் மனைவியைப் பிடித்தேன்.

"ஜெயா, நான் முடிச்சதும் நீ எழுந்து முதல் கேள்வி கேக்கணும். 'மலைக்குளிருக்கு இழுப்பு அதிகமாகுமா?' அவ்வளவுதான். பதிலை நான் இழுத்துகிட்டே போவேன். நேரம் முடிஞ்சிடும்."

"யாரும்மா நீன்னு கேட்டா இன்னா சொல்றது?"

"சுகாதார ஊழியர்னு சொல்லு."

"வூடு பெருக்கறதும் சுகாதாரந்தானே. பொய்யில்ல."

"எங்கே, கேள்வியை இன்னொரு தடவை சொல்லு."

"மலைக்குளிருக்கு இழுப்பு அதிகமாகுமா? இதுக்குப் போயி ஒத்திகையா? போய் வேலையைப் பாருங்க."

போளூர் வழியாக நிபுணர்களின் வேன் வந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்து, பாதிப் பேர் நோயாளிகளாகவே இறங்கினார்கள். ஆனாலும் அடேயப்பா, ஒவ்வொருவர் பேருக்குப் பின்னாலும் ரயில்பெட்டி மாதிரி பட்டங்கள். அத்தனை மூளைகளை ஒரே பள்ளிக்கூட ஹாலில் பார்த்து எனக்கு மெய்சிலிர்த்தது. பேசினேன். கைதட்டினார்கள். கோபால்சாமி சார் தொண்டையைச் செருமினார். அதற்குள் ஜெயா எழுந்துவிட்டாள்.

"ஐயா, ஒருத்தருக்கு நாப்பத்தஞ்சு வயசு. சிகரெட்டை வுட்டுட்டேன்னு பொண்டாட்டி தலைல அடிச்சி சத்தியம் பண்ணாரு. இப்ப புளியமரத்துக்குப் பின்னால நின்னு ஊதறாரு. வூட்டுக்கு வந்து இருமறாரு. அவருக்கு இன்னா வைத்தியங்க?"

என் கை தானாகச் சட்டைப்பையை மூடிக்கொண்டது.

"அருமையான கேள்வி," என்றார் கோபால்சாமி சார். "சொல்லுங்க டாக்டர்."

"உடனே... நிறுத்தணும்."

"நிறுத்தலன்னா?" என்றாள் ஜெயா.

நான் வாயைத் திறப்பதற்குள் எல்லா நிபுணர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ஒருவர் சளியைச் சோதிக்கச் சொன்னார். மூன்றாமவர் சட்டைப்பையைச் சோதிக்கச் சொன்னார். என் நுரையீரலைப் பற்றி இவ்வளவு ஆழமான விவாதம் நடக்குமென்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஒரே கேள்வியில் மொத்தக் கூட்டத்தையும் தன் கட்சியில் சேர்த்துக்கொண்ட என் மனைவியைப் பார்த்தேன். பயத்தையும் மீறி பிரமிப்பாக இருந்தது.

"அந்த ஆளை நான் ஒரு தடவை பாக்கணுமே அம்மா," என்றார் சார்.

"பாத்துக்கினுதானே இருக்கீங்க. மைக்கைப் புடிச்சிக்கினு நிக்கறாரு."

அடுத்த கூட்டத்துக்கும் என்னை அழைத்தார்கள், நோயாளியாக.