சொன்னதைச் சொல்லாத சார்

நம்மவர்கள் அகதியாகவோ பிழைப்புத் தேடியோ போய் இறங்கிய ஊர்களிலெல்லாம் ஒரு தனி உயிரினம் உண்டு. மனநல ஆலோசனை நிலையத்தில், டாக்டருக்கும் வந்தவருக்கும் நடுவே, மூன்றாவது நாற்காலியில் அதைக் காணலாம். மொழிபெயர்ப்பாளர் என்பது பதிவேட்டில் உள்ள பெயர். நாம் கூப்பிடுவது "சார்".

சாரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சட்டைப் பையில் இரண்டு பேனா, கழுத்தில் அடையாள அட்டை, கக்கத்தில் ஒரு கோப்பு. கோப்புக்குள் என்ன? அன்றைய பேப்பர்தான். வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது, அந்த நாட்டு மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நீங்கள் மூக்கைச் சிந்திச் சிந்திப் பத்து நிமிஷம் சொன்னதை அலசி, பிழிந்து, இஸ்திரி போட்டு ஒரே வரியில் அந்தப் பக்கம் அனுப்பிவிடுவார். நம்ம ஆட்களின் மானம் முழுக்கத் தன் தோளில்தான் தொங்குகிறது என்று அவருக்கு எண்ணம். யார் தொங்கவிட்டார்கள்? யாருமில்லை, அவரே எடுத்து மாட்டிக்கொண்டார்.

டாக்டரம்மா நல்ல மனுஷி. வெளியிலிருந்து வந்தவர்களின் பண்பாட்டை மதித்து வைத்தியம் பார்ப்பது எப்படி என்று மூன்று நாள் பயிற்சி எடுத்தவர். அதனால் எதற்கெடுத்தாலும் சார் பக்கம் திரும்பி, "உங்க பண்பாட்டில இதை எப்படி எடுத்துக்குவாங்க?" என்பார். போதாதா?

"எங்க பண்பாட்டில மனக்கவலைன்னு ஒண்ணு கிடையாது டாக்டர். தலைவலி உண்டு, வாயு உண்டு" என்று அந்த நிமிஷமே ஒரு பண்பாட்டைத் தயார் செய்து கொடுப்பார் சார். அம்மையாரும் பயபக்தியோடு எழுதிக்கொள்வார்.

அன்றைக்கு வந்தவள் பெட்டி கட்டும் கம்பெனியில் வேலை செய்கிறவள். ஊரில் ஒருநாள் கதவை உடைத்துக்கொண்டு வந்தவர்கள் அவள் புருஷனைக் கூட்டிப்போனார்கள். ஆள் திரும்பவேயில்லை. கைப்பிள்ளையோடு இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்து பத்து மாதம். ஆலோசனைக்கு இது ஐந்தாவது வாரம். தேறிவிட்டாள் என்று டாக்டர் எழுதினால் கோப்பை மூடிவிடுவார்கள், பிறகு அவள் சொல்வதைக் கேட்க நாதி கிடையாது.

"ராத்திரி கதவுக்கு முன்னாடி அலமாரியை இழுத்து வச்சிட்டு, அதில முதுகைச் சாய்ச்சு விடிய விடிய உக்காந்திருக்கேன் சார். பிள்ளை தண்ணி கேட்டு எழுந்தாக்கூட தூக்கிவாரிப் போடுது. நேத்து அதை அடிச்சிட்டேன். என் கையைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு."

சார் தொண்டையைச் செருமினார். அடித்தாள் என்று சொன்னால் பிள்ளையை அரசாங்கம் தூக்கிக்கொண்டு போய்விடும். பயம் என்று சொன்னால் நம்ம கூட்டமே பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள். நாம நல்லதைத்தானே செய்றோம்? அந்த நாட்டு மொழியில் கணீரென்று அறிவித்தார்: "வீட்டுச் சாமான்களை அடிக்கடி ஒழுங்கு பண்ணுறாங்க. பிள்ளையைக் கண்டிப்பா வளர்க்கிறாங்க."

டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "அடடா, நல்ல முன்னேற்றம்! அப்போ இன்னையோட முடிச்சுக்கலாம்."

இதை மட்டும் சார் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். "உங்களுக்குச் சரியாயிடுச்சாம். இனிமே வர வேண்டாமாம்."

அவள் சாரைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். விருட்டென்று எழுந்து, மூலையில் இருந்த இரும்பு அலமாரியை இரண்டு கையாலும் பற்றி, தரை கிறீச்சிட இழுத்துக்கொண்டு போய்க் கதவை அடைத்தாள். அதில் முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, வெளியே காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். பட்டப்பகல், பதினோரு மணி.

டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது.

"எங்க பண்பாட்டில..." என்று சார் அவசரமாக ஆரம்பித்தார்.

"பண்பாடு கிடக்கட்டும். அவங்க சொன்னதை அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க. அவங்க 'நான்'னு சொன்னா நீங்களும் 'நான்'னு சொல்லுங்க."

வேறு வழி? "நான் ராத்திரி தூங்கறதில்லை" என்றார் சார். "எனக்குப் பயமா இருக்கு." இருபத்திரண்டு வருஷத்தில் எந்த மொழியிலும் அவர் யாரிடமும் சொல்லாத இரண்டு வரி. மனுஷன் கோப்பிலிருந்த பேப்பரை உருவி முகத்தை மறைத்துக்கொண்டார். பாவம்தான், சிரிக்காதீர்கள்.

டாக்டரம்மா வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். மீதியையும் சார் ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். பிள்ளையை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. இன்னும் பன்னிரண்டு வாரம் வரச்சொல்லி டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். பிறகு மூன்று பேருமாக அலமாரியைத் தள்ளி, கதவைத் திறந்தார்கள்.

வெளியே வந்ததும் சாருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. "ஏம்மா, இதையெல்லாம் முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நாலு வாரமா சொன்னேனே சார். உங்ககிட்டதான்."

சிரிப்பு வருகிறதா? வரட்டும். போன மாதம் உங்கள் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனீர்களே, "என்னம்மா செய்யுது?" என்று அவர் அம்மாவைப் பார்த்துத்தானே கேட்டார்? பதில் சொன்னது யார்?