நாற்பத்தொன்றாம் டோக்கன்

"நாற்பத்தொன்று, இரண்டாம் கவுண்டருக்கு வரவும்" என்று மலையாளத்தில் ஐந்தாம் முறையாக அழைத்தது அந்தப் பெண் குரல். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அந்த டோக்கன் யாரிடமும் இல்லை. காகிதச் சுருளில் நாற்பதை அடுத்து நாற்பத்திரண்டுதான் அச்சாகி வந்திருந்தது.

வெங்கிடேஷ் கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தார். அரசின் கணினிச் சேவைகளுக்கு நாடு முழுவதும் ஒரே தரம் வேண்டுமென்று டில்லி முடிவு செய்தபோது, விதிகளை எழுதும் வேலை உள்ளூர் வலியசாலைக்காரரான அவருக்கு வந்தது. மூன்று வருஷ உழைப்பு. கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு வாரம் முன்பு திறந்த இந்த அரசு சேவை மையத்தில்தான் சோதனை. டில்லிக் குழு பதினொரு மணிக்கு வருகிறது. அழைக்கப்பட்டவரைக் கவனிக்காமல் அடுத்தவரை அழைக்கக் கூடாது என்பது அவரே எழுதிய விதி. கணினி அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்ததில் வரிசை அப்படியே நின்றுவிட்டது.

நாற்பத்திரண்டு பொன்னம்மையின் கையில் இருந்தது. ஹோட்டல் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவள். மகளின் நர்சிங் சீட்டுக்கு வருமானச் சான்றிதழை மதியத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

வெங்கிடேஷ் "வரவில்லை" என்று பதிந்தார். குரல் அதே எண்ணை முதல் கவுண்டருக்கு அழைத்தது. கணினியை அணைத்து மறுபடி போட்டார். இப்போது மூன்று கவுண்டருக்கும் அதே எண்ணை அழைத்தது. பொறுக்கமாட்டாமல் சத்தத்தைப் பூஜ்யத்துக்குக் குறைத்தார்.

குரல் குறையவில்லை. கனிவுதான் கூடியது.

"நாற்பத்தொன்று, எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறீர்கள். வாருங்கள்."

கூடத்தில் பேச்சு நின்றது. கடைசி வரிசையில் ஒரு காலி நாற்காலியின் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் மெல்ல எழுந்து சுவரோரம் போய் நின்றார்கள்.

இரண்டாம் கவுண்டர் குமாஸ்தா தாணு திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "சாரே, முன்னால ஆரோ வந்து இருக்காவ. கண்ணாடியில மூச்சு படியுது."

வெங்கிடேஷ் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐம்பது.

"அப்படின்னா கவனிச்சு அனுப்பும், தாணு. டில்லிக்காரா வர நேரமாச்சு."

தாணு எதிரே இருந்த வெற்றிடத்திடம் என்ன வேண்டுமென்று பணிவாகக் கேட்டார். சற்று நேரம் தலையாட்டினார். ஒரு வெற்றுப் படிவத்தில் முத்திரை குத்தி, கண்ணாடிக்குக் கீழே தள்ளினார். அந்தப் பக்கம் அது தரையில் விழவில்லை. எங்கே போனதென்று பார்க்க யாருக்கும் தைரியமில்லை.

"நன்றி. நாற்பத்திரண்டு" என்றது குரல்.

பொன்னம்மை கவுண்டருக்கு முன்னாலிருந்த நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சான்றிதழை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

டில்லிக் குழுவுக்கு மலையாளம் தெரியாது. ஆனாலும் அந்தக் குரலில் மயங்கிப் போனார்கள். இயந்திரத்தின் குரல் மாதிரியே இல்லை, நாடு முழுக்க இதையே தரமாக வைக்கலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். கணினியை அமைத்த கம்பெனிக்காரர்கள் சொல்லாமல் புது வாக்கியங்களைச் சேர்த்திருப்பார்கள் என்று வெங்கிடேஷ் மனதைத் தேற்றிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு, கம்பெனியிலிருந்து ஷிஜா என்ற டெக்னீஷியன் அட்டைப்பெட்டியோடு வந்து தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டாள்.

"ஸ்பீக்கர் இன்னைக்குத்தான் வந்தது சாரே. இந்த ஒரு வாரமும் ஆளுங்களை எப்படிக் கூப்பிட்டீங்க?"