ஐந்து சுற்று ரீலும் அம்பலத்தின் துண்டும்

எதை வாங்கினாலும் முழுசாக ஆராய்ச்சி செய்துவிட்டுத்தான் வாங்குவேன் என்று சொல்லிக்கொள்கிறவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். நானும் அந்த இனம்தான் என்பதால் உள்விவரம் தெரிந்து சொல்கிறேன். கல்யாணமான புதிதில் ஒரு மிக்ஸி வாங்க நான் ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன். அதுவரை என் மனைவி கௌசல்யா பக்கத்து வீட்டில் சட்னி அரைத்துக்கொண்டு வந்தாள். (ஏழாவது வாரம் அவளே போய் ஒன்றை வாங்கிவந்துவிட்டாள். கடைக்குள் அவள் இருந்தது பத்து நிமிஷம். அந்த மிக்ஸி இன்றுவரை ஓடுகிறது.)

அப்படிப்பட்டவனின் போனில்தான் மீன்பிடி வீடியோக்கள் வந்து சேர்ந்தன.

அப்போது நாகமலை புதுக்கோட்டையில் வாடகை வீடு. ஒரு தனியார் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை. மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சம்பளம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தால் அமெரிக்கா. அங்கே தொப்பி போட்ட ஒருவர் படகில் நின்றபடி 'பாஸ்' என்ற மீனைப் பிடித்துக்கொண்டே இருப்பார். அவருடைய கம்பின் மேல், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு ரீல் உட்கார்ந்திருக்கும். பெயிட்காஸ்டிங் ரீல் என்பார்கள். கட்டைவிரலால் ஒரு அமுக்கு, மணிக்கட்டால் ஒரு வீச்சு, அவ்வளவுதான். நூல் சத்தமில்லாமல் பறக்கும். நூலின் முனையில் கிராங்க்பெயிட். குட்டி மீன் போலவே செய்த பிளாஸ்டிக் பொம்மை அது. வாய்க்குக் கீழே கரண்டி மாதிரி ஒரு தகடு, வயிற்றில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக மும்முனைக் கொக்கிகள். இழுக்க இழுக்கத் தண்ணீருக்குள் முங்கி உயிருள்ளது போல நெளியும்.

"பாஸைப் பிடிக்கப் போறீங்களா? ஆபீஸ்ல சொல்லிட்டீங்களா?" என்றாள் கௌசல்யா.

நம் பக்கத்தில் பாஸ் மீன் கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் விரால் உண்டு. கௌசல்யாவின் ஊர் கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில். கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றியதும் அங்கே மீன்பிடித் திருவிழா நடக்கும். அந்த வருஷம் என் மாமனார் போனில் கூப்பிட்டார்.

"மாப்ள, அடுத்த மாசம் கம்மாயில மீன்பிடி. கல்யாணத்துக்கு அப்புறம் வாற மொத மீன்பிடி. கட்டாயம் வரணும். நீங்க கரையில சும்மா நின்னாப் போதும்."

இந்தச் 'சும்மா நின்னாப் போதும்' என்னைச் சுட்டது. பெண் பார்க்கப் போன அன்றே அவர் வயலில் கால்வைத்து வழுக்கி விழுந்தவன் நான். ஊரில் எனக்கு அப்போதைக்கு இருந்த ஒரே அடையாளம் அதுதான். வாய் தானாகப் பேசிவிட்டது.

"சும்மா எதுக்கு நிக்கணும் மாமா? நான் மெஷின் தூண்டில் கொண்டுட்டு வாரேன். அன்னைக்கு நம்ம வீட்டுக்கு விரால் என் பொறுப்பு."

"அப்படியா மாப்ள!" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டதும் எனக்கு இனிமேல் திரும்பிப் போக வழியில்லை என்று புரிந்துவிட்டது.

அன்றிரவே ஒரு நோட்டுப் போட்டேன். நல்ல ரீல்களின் விலையைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, 'கட்டுப்படியாகும் ரீல்கள்' என்று புதிய தலைப்பு எழுதினேன். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே நூல் உருளை எத்தனை சுற்றுச் சுற்றும் என்பதுதான் முக்கியமாம். ஏழு, எட்டுச் சுற்று என்றால் வேகம். ஆனால் கிராங்க்பெயிட்டை வேகமாக இழுத்தால் அது நெளியாது, ஓடிவிடும். அதற்கு ஐந்து சுற்றுச் சொச்சம்தான் சரி. அடுத்தது பிரேக். அடுத்தது உடம்பு பிளாஸ்டிக்கா, உலோகமா. அப்புறம் பேரிங். மலிவான ரீல்காரர்கள் பதினெட்டு பேரிங் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். அதை நம்பக்கூடாது, நல்லதாக நான்கைந்து இருந்தால் போதும். அப்புறம் கைப்பிடி வலப்பக்கமா, இடப்பக்கமா. இந்தக் கேள்விக்கு மட்டும் பத்து நாள் ஆனது. சாம்பார் ஊற்றும்போதுகூட எந்தக் கை கரண்டியைப் பிடிக்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.

"எந்தக் கையில வேணா ஊத்துங்க, தட்டுக்குள்ள ஊத்துங்க" என்றாள் கௌசல்யா.

கடைசியில் நோட்டோடு கீழவாசல் பக்கம் ஒரு தூண்டில் கடைக்குப் போனேன். சிக்கந்தர் பாயின் கடை. ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அகலம். உள்ளே வலை, மிதவை, ஈயக்குண்டு என்று கூரைவரை தொங்கும். பாய் ஐம்பது வயதுக்காரர். நான் கேட்ட பதினான்கு கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு அவர் ஒன்று கேட்டார்.

"தம்பி, இதுக்கு முன்னாடி எந்த ரீல்ல வீசியிருக்கீங்க?"

"இதுதான் பாய் முதல்."

அவர் ஷோகேஸிலிருந்து எடுத்த ரீலை மெதுவாகத் திரும்ப உள்ளே வைத்தார். "அப்ப சாதா ரீல் எடுத்துக்கங்க. பச்சப்புள்ளயும் வீசலாம். இது அப்படியில்ல. பொம்மை நின்னாலும் உள்ள உருளை நிக்காது, சுத்திக்கிட்டே இருக்கும். கட்டைவிரல்தான் பிரேக்கு. விரல் பழகலைன்னா நூலு குருவிக்கூடு கட்டிரும்."

"அதெல்லாம் அம்புட்டு வீடியோவும் பாத்துட்டேன் பாய்."

"கண்ணு பாத்துருச்சு. விரல் பாத்துச்சா?"

எவ்வளவு நல்ல கேள்வி! நான் அதைக் காதிலேயே வாங்கவில்லை. என் கண் ஷோகேஸில் இருந்தது. ஐந்து சுற்றுச் சொச்சம், நான்கு பேரிங், காந்த பிரேக், வலதுகைப் பிடி, கட்டுப்படியாகும் விலை. என் நோட்டில் இருந்த அத்தனைக்கும் டிக். கூடவே ஏழடிக் கம்பும் சிவப்புத் தலை வெள்ளை உடம்பு கிராங்க்பெயிட்டும். பில் போடும்போது பாய் மறுபடி சொன்னார்: "ஒரு வாரம் மைதானத்துல கொக்கிய கழட்டிட்டு வீசிப் பழகுங்க தம்பி. பின்னாடி யாரும் நிக்கக்கூடாது."

பழகினேன், சோபாவில் உட்கார்ந்து. கைப்பிடியைச் சுற்றுவேன், அது வெண்ணெய் போல ஓடும் சத்தத்தைக் கேட்பேன், மறுபடி சுற்றுவேன். ஒரு முறைகூட வீசவில்லை. வீசினால் கீறல் விழுந்துவிடுமோ என்று பயம்.

திருவிழா நாள் காலை. கண்மாய்க்கரை முழுக்க ஆட்கள். ஆயிரம் பேருக்கு மேல் இருக்கும். கையில் ஊத்தா என்கிற மூங்கில் கூடை, வலை, சேலைத்துணி, சிலரிடம் கொசுவலை. முட்டளவு தண்ணீரில் மீன்கள் துள்ளுவது கரையிலிருந்தே தெரிந்தது. ஆனால் ஒருவரும் இறங்கவில்லை. அங்கே ஒரு முறை இருக்கிறது. மடைக்கருகில் சாமி கும்பிட்டு முடித்ததும், ஊர்த் தலைவரான அம்பலம் கரைமேல் நின்று தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டை எடுத்து வீசிக் காட்டுவார். அதைப் பார்த்த பிறகுதான் யாரும் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். அதற்குள் பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து சேர்ந்திருக்க வேண்டும். அன்று அவர்கள் இன்னும் வரவில்லை.

மாமனார் என்னை நேரே அம்பலத்திடம் கூட்டிப்போனார். "எங்க மாப்ள. மெஷின் தூண்டில் கொண்டாந்துருக்காரு."

ஊரே திரும்பிப் பார்த்தது. அம்பலம் நல்ல உயரம், முறுக்கிய மீசை, சலவைத் துண்டு. ரீலை உற்றுப் பார்த்தார். "இதுல எம்புட்டுத் தூரம் போகும்?"

"அந்தக் கரைக்கே போகும்ங்க." (எனக்கு எப்படித் தெரியும்?)

"துண்டு வீசுறதுக்கு முன்னாடி தண்ணியில எதுவும் படக்கூடாது மாப்ள. ஞாபகம் வச்சுக்கங்க."

"சும்மா கையசைவ மட்டும் காட்டுறேன்ங்க. தண்ணி இல்லாத பக்கம்."

மச்சான் பாண்டி, கௌசல்யாவின் அண்ணன், போனைத் தூக்கிப் படம்பிடிக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான், நான் அமெரிக்கனாகிவிட்டேன். கால்களை அகட்டி நின்றேன். வயல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்படித் திரும்பியதில் அம்பலம் எனக்கு நேர் பின்னால் வந்துவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. கட்டைவிரலால் பொத்தானை அமுக்கினேன். கம்பைப் பின்னால் கொண்டுபோய், முழு பலத்தோடு முன்னால் வீசினேன்.

பொம்மை கனத்தது. இவ்வளவு கனக்கும் என்று வீடியோவில் சொல்லவில்லையே என்று நினைத்தேன். ரீலுக்குள் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால், உருளைமேல் நூல் நாலாபக்கமும் புடைத்துச் சிக்கலாகி, பாய் சொன்ன அதே கூடு. குருவி மட்டும்தான் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். கம்பின் உச்சியில், முழ நூலில் அம்பலத்தின் வெள்ளைத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல காற்று வேறு. படபடவென்று அடித்தது.

அப்போதாவது நான் கம்பைக் கீழே போட்டிருக்க வேண்டும். பதற்றத்தில் துண்டை உதறிவிடலாம் என்று தோன்றியது. கம்பைத் தலைக்குமேல் தூக்கி இந்தப் பக்கம் ஒரு உதறு, அந்தப் பக்கம் ஒரு உதறு.

கரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அம்பலம் நிற்கும் இடத்தில் வெள்ளைத் துண்டு. இந்த வருஷம் வழக்கத்தைவிட உயரத்தில், வழக்கத்தைவிட உற்சாகமாக அசைகிறது.

"ஹோ" என்று ஒரு சத்தம். கரை காலியானது. ஆயிரம் பேரும் தண்ணீருக்குள். மடைக்கருகில் பூசாரி ஏற்றாத சூடத்தோடு தட்டை வைத்துக்கொண்டு நின்றார்.

"டேய், ஏறுங்கடா! நான் வீசலடா!" என்று அம்பலம் கத்தினார். யாருக்குக் கேட்கும்? விரால் வழுக்கிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் காது இருக்காது. அவர் என் பக்கம் திரும்பினார். நான் கம்பைத் தாழ்த்தினேன். அவரே கொக்கியிலிருந்து துண்டைக் கழற்றினார். டர்ரென்று இரண்டு இடத்தில் கிழிந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு மடைப் பக்கம் நடந்தார். பிறகு பூசாரியிடம், "சூடத்தக் காட்டும்" என்றார். சாமி கும்பிட்டார். எவரும் பார்க்காத வெறும் கரையில் நின்று, ஓட்டைத் துண்டை முறைப்படி மூன்று முறை வீசினார். "எவனாவது கேட்டா, இப்பத்தான் வீசுனேன்" என்றார் என் மாமனாரிடம். மாமனாரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை.

கேட்கத்தான் செய்தார்கள். அரைமணி நேரத்தில் பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு டிராக்டரில் வந்து இறங்கினார்கள். கண்மாய் கலங்கிச் சேறாகக் கிடந்தது.

"நாங்க வராம எவன்யா துண்டு வீசுனது?"

கூட்டம் மொத்தமும் என் பக்கம் கை நீட்டியது. அதில் என் மச்சானின் கையும் ஒன்று. சத்தம் ஏறியது, வேட்டிகள் மடிந்தன. இரண்டு ஊருக்கும் நடுவே தலைமுறையாக வந்த வழக்கத்தை ஒரு பொம்மை மீனால் உடைத்தவன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சரி, போய் மன்னிப்புக் கேட்போம் என்று ஓர் அடி எடுத்துவைத்தேன். அதற்குள் மாமனார் எனக்கு முன்னால் போய்க் கைகூப்பி நின்றார்.

"எங்க மாப்ளதான். தெரியாமப் பண்ணிட்டாரு. தப்பு எங்க வீட்டு மேல." சொல்லிவிட்டு, பாண்டி பிடித்துவைத்திருந்த கூடையை, உள்ளே கைநீளத்துக்கு ஒரு விரால், அப்படியே அவர்கள் டிராக்டரில் ஏற்றினார்.

நானும் பக்கத்தில் போய்க் கைகூப்பினேன். "மன்னிச்சிருங்கண்ணே. வீசத் தெரியாம வீசிட்டேன்."

டிராக்டரிலிருந்த ஆள் என்னைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார், கொக்கியில் இன்னும் ஒட்டியிருந்த வெள்ளை நூலைப் பார்த்தார். "ஏண்ணே, இம்புட்டுப் பெரிய மெஷின வச்சுத் துண்டையா பிடிச்சீங்க?" என்று சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். அம்பலம் கை காட்ட, உள்ளே இருந்தவர்கள் வீட்டுக்கு ஒரு மீனாகக் கொண்டுவந்து டிராக்டரில் போட்டார்கள். போட்டுவிட்டு ஒவ்வொருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அன்று மத்தியானம் ஊரில் மீன்குழம்பு வாசனை வராத ஒரே வீடு எங்களுடையது. அத்தை முட்டைக்குழம்பு வைத்திருந்தார். "விரால் உங்க பொறுப்புன்னு நீங்க சொன்னப்பவே முட்டைய எடுத்து வச்சுட்டாங்க" என்று காதோரம் சொன்னாள் கௌசல்யா.

நான்கு மணிவாக்கில் அம்பலம் வீட்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்தார். நான் எழுந்து நின்றேன். உட்காரச் சொல்லவில்லை.

"அந்த மெஷினக் கொண்டாங்க மாப்ள."

கொண்டுவந்து கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல பிரேக்கு இருக்கா?"

"இருக்குங்க. காந்த பிரேக்கு."

"பெறகு ஏன் பிடிக்கல?"

பதினான்கு கேள்வி கேட்டு வாங்கியவன், என் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். ரீலில் ஒரு குறையும் கிடையாது. நூலை வெட்டியெடுத்துவிட்டுப் பாண்டி மச்சான் அதையே ஒரு மாதம் பழகினார். இன்றைக்கு அதே ரீலில், அதே சிவப்புத் தலைப் பொம்மையில் வாராவாரம் விரால் பிடித்து எனக்கே போட்டோ அனுப்புகிறார்.

அம்பலம் எழுந்தார். தீர்ப்பு சொல்லும் குரலில் சொன்னார்: "அடுத்த வருசத்துல இருந்து, நான் துண்டு வீசுறப்ப மாப்ள என் பக்கத்துல வந்து நிக்கணும். ரெண்டு கையும் ஊருக்குத் தெரியணும். அப்பத்தான் சனம் நம்பும்."

விளையாட்டுக்குச் சொன்னார் என்றுதான் நினைத்தேன். இல்லை. அடுத்த வருஷம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அதற்கடுத்த வருஷமும். வேலை மாறி மதுரைக்குள்ளேயே வந்துவிட்ட பிறகும் நான் லீவு போட்டுவிட்டுப் போகிறேன். இப்போது மைக் வேறு வந்துவிட்டது. சாமி கும்பிட்டு முடிந்ததும் அம்பலம் துண்டைத் தொடமாட்டார். மைக்கில் கேட்பார்: "மாப்ள வந்தாச்சா? கை எங்கப்பா?"

நான் கரைமேல் ஏறி இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, விரலை விரித்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டுவேன். இரண்டு ஊர் ஜனமும் கைதட்டும். எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டியபோதுகூட இவ்வளவு சத்தம் இல்லை என்று கௌசல்யா வருஷம் தவறாமல் சொல்கிறாள்.