இனிப்பை ஜெயித்தவர்

பேருந்தை நிலையத்தில் நிறுத்திய கையோடு ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலிருந்து பிரஷ்ஷையும் பேஸ்டையும் எடுத்தார். நடத்துநர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னண்ணே, இப்பதானே வெளக்கினீங்க?"

"அது போன டிரிப்புக்கு. இப்ப கேக் கடையைத் தாண்டி வந்தோமா இல்லையா? வாசனை உள்ள வந்துருச்சு."

"அதுக்கு?"

"இனிப்பு ஆசைங்கிறது கால் மணி நேரத்து விருந்தாளி தம்பி. வாசல்லயே நிக்க வச்சுட்டா தானா போயிரும். அந்த நேரத்துல பல்ல வெளக்குங்கன்னாரு டாக்டர். கில்லாடி மனுஷன்!"

அந்தக் கில்லாடி இன்னொன்றும் சொல்லியிருந்தார். ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. அடுத்த பரிசோதனைக்குள் இறங்காவிட்டால் வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று எழுதிவிடுவார். அப்புறம் டிப்போவில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் வண்டி எடுப்பதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஸ்டியரிங் பிடித்தே தலை நரைத்தவருக்கு அது ஆகிற காரியமா?

அன்றே சர்க்கரையை விட்டார். முதல் வாரம் கை நடுங்கியது, தலை வலித்தது, சில்லறை இல்லாத பயணிகள் மேலெல்லாம் எரிந்து விழுந்தார். அது நடத்துநரின் வேலை என்பதுகூட மறந்துவிட்டது. பிரஷ் கைக்கு வந்த பிறகுதான் மனிதர் பழையபடி சிரித்தார்.

முதல் சிக்கல் வீட்டில் முளைத்தது.

"பேஸ்ட் வாங்கி முழுசா ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள டியூப்ப வெட்டித் தேய்க்கிறோம்" என்றாள் மனைவி. "நீங்க பல்ல வெளக்குறீங்களா, சுவத்துக்கு வெள்ளையடிக்கிறீங்களா?"

"ஒரு மனுஷன் திருந்தும்போது பேஸ்ட் செலவப் பாக்கக் கூடாதும்மா."

மனைவி பேஸ்டை பீரோவில் வைத்துப் பூட்டினாள். ஓட்டுநர் அசரவில்லை. சொந்தமாக ஒன்று வாங்கினார். பெரியவர்கள் பேஸ்ட் ஈறு எரிகிறதாம். அதனால் குழந்தைகளுக்கான ஸ்ட்ராபெரி பேஸ்ட். அதுவும் பெரிய டியூப்.

அடுத்த சிக்கல் பயணிகளிடமிருந்து வந்தது. வண்டி எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் வாயைச் சுத்தம் செய்துகொண்டு ஏறுகிற ஓட்டுநரைப் பற்றி ஊர் என்ன நினைக்கும்? அதையேதான் நினைத்தது. யாரோ டிப்போவுக்குப் போன் செய்தார்கள்.

"எதை மறைக்க இந்த வெளக்கு வெளக்குறீங்க?" என்றார் மேனேஜர். "இனிமே வண்டில பிரஷ்ஷப் பாத்தேன்னா சாவி உங்க கையில இருக்காது."

"பிரஷ்தானே சார்? விட்டுட்டேன்."

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். மருந்துக்கடையில் வாய் கொப்பளிக்கும் திரவம் ஒரு பாட்டில் வாங்கினார். சிவப்பாக, செர்ரி வாசனையோடு, சட்டைப் பைக்குள் அடங்குகிற பாட்டில். ஆசை தலை தூக்கும்போதெல்லாம் வண்டிக்குப் பின்னால் போய் நின்று, மூடி நிறைய ஊற்றி அண்ணாந்து வாயில் விட்டுக்கொண்டார். பார்த்தவர்களுக்கு மிச்சம் மீதி இருந்த சந்தேகமும் தீர்ந்துபோனது.

மறுநாளே மேனேஜர் கையில் கருவியோடு நிலையத்துக்கு வந்துவிட்டார்.

"ஊதுங்க."

"தாராளமா சார். என் வாய் மாதிரி சுத்தமான வாய் இந்த டிப்போலயே கிடையாது."

நெஞ்சை நிமிர்த்தி ஊதினார். கருவி வீறிட்டது.

"சாவிய வைங்க."

ஓட்டுநர் சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். மேனேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பொடி எழுத்தைப் படித்தார்.

"இதுல ஆல்கஹால் இருக்கேய்யா! இதக் குடிச்சீங்களா?"

"ஐயோ சார், வாய் கொப்பளிக்கிறது சார் அது!" இனிப்பு, டாக்டர், கேக் கடை, மனைவியின் பீரோ என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினார். "கொப்பளிச்ச வாடைதான் சார். கொஞ்ச நேரம் கழிச்சு ஊதச் சொல்லிப் பாருங்க. அப்பவும் கத்துச்சுன்னா சாவிய நானே குடுத்துடறேன்."

மேனேஜர் நியாயமான மனிதர். அங்கேயே ஒரு நாற்காலியைப் போட்டு அரை மணி நேரம் காத்திருந்தார். மறுபடி ஊதச் சொன்னார். கருவி மூச்சு விடவில்லை.

மேனேஜர் எழுந்து வந்து சாவியை ஓட்டுநரின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். அவர் குரலே மாறிவிட்டது.

"நானும் இந்த இனிப்ப விட முடியாம தவிக்கிறவன்தான்யா. நாளைக்கு எல்லா டிரைவரையும் கூப்பிடறேன். எப்படி ஜெயிச்சீங்கன்னு நீங்கதான் பேசணும்."

ஓட்டுநருக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப சுலபம் சார். ஆசைய வாயோட நிறுத்தணும். தொண்டைக்குக் கீழ விடவே கூடாது."

"பாத்தியா?" என்று மேனேஜர் நடத்துநர் பக்கம் திரும்பினார். "இதுக்குப் பேருதான் மன உறுதி. கூடவே இருக்கியே, நீயும் கத்துக்கக் கூடாதா?"

நடத்துநர் தலையைச் சொறிந்தார்.

"கத்துக்கலாம் சார். ஆனா தினமும் தண்ணி பாட்டிலோட பக்கத்துலயே நிக்கிறேன், அண்ணன் ஒரு தடவையாவது துப்பி நான் பாத்ததே இல்லையே?"